வளர்ப்பதா, வாங்குவதா? கால்பந்து மேலாளரின் கணக்கு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பியக் கால்பந்தில் ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் ஜனவரியிலும், கிளப்புகள் வீரர்களை வாங்கவும் விற்கவும் செய்கின்றன. அந்த வாரங்களில் ரசிகர்களிடையே ஒரு வாக்குவாதம் தவறாமல் எழும். கையிலிருக்கும் வீரர்களை நம்பி வளர்த்தெடுப்பவர் நல்ல மேலாளரா, கோடிகளைக் கொட்டி ஆள் சேர்ப்பவர் நல்ல மேலாளரா என்பதே அது. அந்த வாக்குவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வருகின்றன. பணமும் பொறுமையும் நெடுங்காலம் எல்லோர் கண்முன்னும் மோதிக்கொண்ட இடம் அதுதான்.

கிளப்பின் பணத்தை உண்மையில் மேலாளர்தான் செலவிடுகிறாரா?

பழைய இங்கிலாந்து வழக்கத்தில் ஏறக்குறைய அப்படித்தான். ஆர்சனலின் ஆர்சென் வெங்கரும் மான்செஸ்டர் யுனைடெட்டின் அலெக்ஸ் பெர்குசனும் யாரை வாங்குவது, யாரை அனுப்புவது, யாருக்கு ஒப்பந்தத்தை நீட்டிப்பது என்பதையெல்லாம் தாங்களே முடிவு செய்தார்கள். இன்று பெரும்பாலான கிளப்புகளில் அந்த வேலையை விளையாட்டு இயக்குநர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். மேலாளரின் பதவிப் பெயரே பல இடங்களில் தலைமைப் பயிற்சியாளர் என்று சுருங்கிவிட்டது.

ஆனால் அன்றும் இன்றும் முழுமையாக மேலாளர் கையில் இருப்பது ஒன்று உண்டு. அது ஆட்ட நேரம். பிரீமியர் லீக் பருவத்தில் 38 ஆட்டங்கள். அணியில் ஓர் இடத்துக்கு அது 3,420 நிமிடங்கள். அந்த நிமிடங்களைப் பெரும்பணம் கொடுத்து வாங்கிய 27 வயதுக்காரருக்குக் கொடுத்துவிட்டால், கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளியான அகாடமியில் வளர்ந்த 19 வயதுக்காரருக்கு மிஞ்சுவது கோப்பைப் போட்டியின் தொடக்கச் சுற்றுகளும், வெற்றி உறுதியான பிறகு கிடைக்கும் கடைசிப் பத்து நிமிடங்களும்தான். வாங்கும் தொகையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். பணம் உரிமையாளருடையது, நிமிடங்கள்தான் மேலாளருடையவை என்று பிரித்துப் பார்த்தால், புதிராகத் தோன்றும் பல முடிவுகள் விளங்கிவிடுகின்றன.

வெங்கர் இளைஞர்களை வளர்த்தது கொள்கையாலா, கையில் காசில்லாததாலா?

இரண்டும் பின்னிக்கிடந்தன, எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று பிரிப்பது எளிதன்று. ஸ்ட்ராஸ்பர்க்கில் பொருளாதாரம் படித்த வெங்கர், 1996இல் ஆர்சனலுக்கு வந்த நாளிலிருந்தே விலை ஏறுவதற்கு முன் வாங்குவதைத் தம் வழக்கமாக வைத்திருந்தார். பாரிஸ் கிளப்பிலிருந்து 1997இல் சுமார் 5 லட்சம் பவுண்டுக்கு அழைத்துவந்த நிக்கோலா அனெல்காவை 1999இல் ஏறத்தாழ 2.3 கோடி பவுண்டுக்கு ரியல் மாட்ரிட்டிடம் விற்றார். அந்தப் பணத்தில் தியரி ஹென்றியும் வந்தார், லண்டன் கோல்னியில் புதிய பயிற்சித் திடலும் எழுந்தது. 2003-04 லீக் பருவத்தில் 26 வெற்றி, 12 சமநிலை, ஒரு தோல்விகூட இல்லை என்று முடித்த அணியின் தடுப்பாட்டத்தைப் பாருங்கள்: கோலோ டூரே சுமார் ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு வந்தவர், சோல் கேம்ப்பெல் பக்கத்துப் பகையாளியான டோட்டன்ஹாமிலிருந்து ஒப்பந்தம் முடிந்து, ஒரு காசு செலவில்லாமல் வந்தவர்.

பிறகு வந்தது அரங்கம். 38,000 பேர் மட்டுமே அமரக்கூடிய ஹைபரியை விட்டு, 60,000 பேர் அமரும் எமிரேட்ஸ் அரங்கத்துக்கு 2006இல் ஆர்சனல் குடிபெயர்ந்தது. செலவு சுமார் 39 கோடி பவுண்டு, அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனைத் தருவதற்கு, தாம் இன்னும் ஐந்தாண்டுகள் கிளப்பில் இருப்பதாகக் கையெழுத்திட வேண்டும் என்று வங்கிகள் கேட்டதாக வெங்கரே பின்னாளில் கூறியிருக்கிறார். சரியாக அதே காலத்தில், 2003இல் செல்சியை ரோமன் அப்ரமோவிச்சும், 2008இல் மான்செஸ்டர் சிட்டியை அபுதாபியும் வாங்கியதால், சந்தையின் விலைகள் மாறிப்போயின.

அணித்தலைவர் பாட்ரிக் வியரா 2005 கோடையில் யுவென்டஸுக்கு விற்கப்பட்டபோது, வெங்கர் அந்த இடத்துக்குப் பெரும்பெயர் எவரையும் வாங்கவில்லை. அந்த நிமிடங்கள், பார்சலோனாவின் இளையோர் அணியிலிருந்து 16 வயதில் லண்டன் வந்த, அப்போதுதான் 18 நிரம்பியிருந்த செஸ்க் ஃபேப்ரிகாஸுக்குப் போயின. அந்தப் பருவத்திலேயே ஆர்சனல், ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிப் போட்டிக்குப் போனது. 2005 மே மாதத்துக்கும் 2014 மே மாதத்துக்கும் இடையில் கோப்பை ஏதும் இல்லை. ஆனால் அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒரு முறைகூட முதல் நான்கு இடங்களுக்குக் கீழே இறங்கவும் இல்லை.

கடன்தான் முழுக் காரணம் என்று நான் நம்பாததற்கு 2015ஆம் ஆண்டு போதும். அதற்குள் கையில் பணம் வந்துவிட்டது. 2013இல் மெசுட் ஓசிலுக்கு 4.25 கோடி பவுண்டு கொடுத்திருந்தார்கள். ஆனால் 2015 கோடையில் முதல் அணிக்காக அவர்கள் வாங்கியது கோல்கீப்பர் பீட்டர் செக் ஒருவரை மட்டுமே. களத்தில் ஓடியாடும் வீரர் ஒருவர்கூட வரவில்லை. செல்சி, சிட்டி, யுனைடெட் மூன்றும் தடுமாறிய அந்தப் பருவத்தில் லெஸ்டர் சிட்டி 81 புள்ளிகளுடன் பட்டம் வென்றது. ஆர்சனல் 71 புள்ளிகளுடன் இரண்டாம் இடம். பெட்டியில் பணம் இருந்தும் வெங்கர் கைநீட்டவில்லை என்பதை வறுமைக் கணக்கில் எழுத முடியாது.

வீரர்கள் விசுவாசமாக இருக்க வேண்டும் என்கிறோம். கிளப்புகள் விசுவாசமாக இருக்கின்றனவா?

முப்பது வயது வரை, பெரும்பாலும் ஆம். வெங்கரின் ஆர்சனலில் முப்பதைத் தாண்டிய வீரர்களுக்கு, குறிப்பாக நடுக்களத்திலும் முன்களத்திலும் ஆடுபவர்களுக்கு, ஓர் ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் தருவதில்லை என்ற வழக்கம் இருந்தது. டெனிஸ் பெர்க்கம்ப் அதை ஏற்று ஆண்டுதோறும் கையெழுத்திட்டார். ராபர்ட் பீரெஸ் ஏற்கவில்லை.

ஆர்சனலில் அவருடைய கடைசி ஆட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். 2006 மே 17, பாரிஸ் புறநகரில் உள்ள தேசிய அரங்கம், பார்சலோனாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. தன் நாட்டு மண்ணில், தன் நாட்டு மக்கள் முன்னால் ஆடக் கிடைத்த இறுதிப் போட்டி. 18ஆவது நிமிடத்தில் கோல்கீப்பர் யென்ஸ் லேமனுக்குச் சிவப்பு அட்டை. மாற்று கோல்கீப்பர் உள்ளே வர வேண்டுமானால் ஒருவர் வெளியே போயாக வேண்டும். பலகையில் எழுந்தது பீரெஸின் எண். பத்துப் பேரோடு எஞ்சிய நேரம் முழுக்க ஓட வேண்டிய ஆட்டத்தில் 32 வயதுக்காரரை வெளியே எடுத்தது ஆட்ட நுணுக்கப்படி சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் ஓராண்டு ஒப்பந்தமா, இரண்டாண்டா என்ற இழுபறி நடந்துகொண்டிருந்த வேளையில் அந்தப் பலகையை அவர் வேறு விதமாகப் படித்திருப்பார். இரண்டாண்டு தர முன்வந்த ஸ்பெயின் கிளப்பான வியாரியலுக்கு அந்தக் கோடையிலேயே போய்விட்டார்.

காயம்பட்ட வீரரை விட்டுக்கொடுக்காமல் காப்பது அணிக்கு நல்லதா?

ஒரே மேலாளர், ஒரே கிளப், இரண்டு விடைகள். 2010 பிப்ரவரியில் ஸ்டோக் ஆடுகளத்தில் ஆரோன் ராம்சியின் கால் முறிந்தபோது அவருக்கு வயது 19. மீண்டு வந்த பிறகு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் கார்டிஃபுக்கும் லோனில், அதாவது தற்காலிகமாக, அனுப்பி, பிறகு ஆர்சனலில் வரிசையாக ஆட்ட நேரம் கொடுத்தார் வெங்கர். இடையில் ரசிகர்களின் முணுமுணுப்பு ஓங்கியே இருந்தது. ஒன்பதாண்டுக் கோப்பை வறட்சியை முடித்துவைத்த 2014 எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்து கிளப்புகளின் கோப்பைப் போட்டி) இறுதிப் போட்டியில், கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் ராம்சி. 2017 இறுதிப் போட்டியில் செல்சிக்கு எதிரான வெற்றிக் கோலும் அவருடையதே.

மறுபக்கம் அபூ டியாபி. 2006 ஜனவரியில் வந்தவர், சில மாதங்களிலேயே ஒரு முரட்டுத்தனமான மோதலில் கணுக்கால் உடைந்து, பிறகு காயத்திலிருந்து காயத்துக்குப் போய்க்கொண்டேயிருந்தார். 2015 வரை கிளப் அவரை வைத்திருந்தது. கடைசி இரண்டு பருவங்களையும் சேர்த்து முதல் அணிக்காக அவர் ஆடியது இரண்டே ஆட்டங்கள். மனிதர் என்ற வகையில் வெங்கரை மதிக்கத் தோன்றுகிறது. ஆனால் ‘டியாபி திரும்பி வந்தால்’ என்ற எதிர்பார்ப்பிலேயே வலுவான தடுப்பு நடுக்கள வீரரை வாங்காமல் கழிந்த பருவங்களுக்கான விலையைக் கொடுத்தவர்கள், அவரில்லாமல் களத்தில் நின்ற அணித்தோழர்கள்தான்.

வளர்த்தவர்கள் விட்டுப்போனால் மேலாளர் என்ன செய்ய முடியும்?

ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் ஏறக்குறைய எதுவும் செய்ய முடியாது. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரர் எந்தத் தொகையும் இன்றி வேறு கிளப்புக்குப் போகலாம். அதனால் கடைசி ஆண்டில் நுழையும் வீரரை, கிடைத்த விலைக்கு விற்பதா, ஓராண்டு ஆடவைத்துவிட்டுச் சும்மா இழப்பதா என்று கிளப் முடிவெடுத்தாக வேண்டும்.

ராபின் வான் பெர்சி 2004இல் 20 வயதில் ஆர்சனலுக்கு வந்தார். எட்டு ஆண்டுகளில் பாதி காயங்களிலேயே கழிந்தது. ஒருவழியாக முழுப் பருவம் ஆடி, 2011-12 லீக்கில் 30 கோல் அடித்ததும், ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டேன் என்றார். யுனைடெட்டுக்கு 2.4 கோடி பவுண்டுக்குப் போனார். 26 கோல் அடித்துப் பெர்குசனின் கடைசிப் பட்டத்தை வென்று கொடுத்தார். பட்டம் உறுதியாகி ஆறு நாள் கழித்து, 2013 ஏப்ரல் 28 அன்று, யுனைடெட் ஆட வேண்டியிருந்தது எமிரேட்ஸ் அரங்கத்தில். வழக்கப்படி ஆர்சனல் வீரர்கள் இரு வரிசையாக நின்று புதிய சாம்பியன்களுக்குக் கைதட்ட, நடுவே நடந்து வந்தார் அவர்களின் முன்னாள் அணித்தலைவர் வான் பெர்சி. அரங்கம் முழுக்க ஏளனக் கூச்சல். ஆட்டம் 1-1, யுனைடெட்டின் கோல், பெனால்டியில், அவருடையது.

அதே கதைக்கு இன்னொரு முனையும் உண்டு. 29 வயதுக்காரருக்கு 2.4 கோடி கொடுத்த பெர்குசன் ஒரு பட்டத்தோடு ஓய்வுபெற்றார். அந்த வயதேறிய அணியைப் பெற்றுக்கொண்ட டேவிட் மோய்ஸ் அடுத்த பருவம் முடிவதற்குள் வேலையிழந்தார், அணி ஏழாம் இடத்தில் நின்றது.

அவசரத்தில் வாங்குவது எப்போதும் தவறா?

அப்படிச் சொல்ல முடியாது. 2011 கோடையில் ஃபேப்ரிகாஸும் சமீர் நாஸ்ரியும் போன பிறகு, ஆகஸ்ட் 28 அன்று யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு அரங்கத்தில் ஆர்சனல் 8-2 என்று தோற்றது. சந்தை மூட மூன்றே நாட்கள். அதற்குள் ஐந்து பேரைச் சேர்த்தார்கள். ஆய்ந்து திட்டமிட்ட வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த ஐவரில் ஒருவர் மிகேல் ஆர்டெட்டா, இன்னொருவர் பெர் மெர்டெசாக்கர். இருவரும் பின்னாளில் அணித்தலைவர்கள் ஆனார்கள். மெர்டெசாக்கர் 2018இல் அகாடமியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார், ஆர்டெட்டா 2019 டிசம்பரில் அணியின் மேலாளரானார். பதற்றத்தில் செய்த கொள்முதலே கிளப்பின் இளையோர் வளர்ப்பை வழிநடத்தும் கையாக மாறியது, எந்தத் திட்டத்திலும் எழுதிவைத்திருக்க முடியாத ஒன்று.

‘சிறுவர்களை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல முடியாது’ என்ற கூற்று பொய்யாகிவிட்டதே?

1995 ஆகஸ்ட் 19 அன்று யுனைடெட் ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்ற மாலையில், தொலைக்காட்சியில் விமர்சகர் ஆலன் ஹேன்சன் சொன்னது அது. அந்தக் கோடையில் பெர்குசன் பால் இன்ஸ், மார்க் ஹியூஸ், ஆண்ட்ரி கான்செல்ஸ்கிஸ் மூவரையும் அனுப்பிவிட்டு, பெக்கம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள் ஆகியோரைக் களத்தில் இறக்கியிருந்தார். அந்தப் பருவத்தில் அவர்கள் லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வென்றார்கள். ஹேன்சனின் வாக்கியம் நிரந்தரக் கேலிப்பொருளாகிவிட்டது.

எனக்கு ஹேன்சன் மீது கொஞ்சம் இரக்கம் உண்டு, ஏனெனில் அவர் சொன்னது முழுத் தவறன்று. அந்தச் சிறுவர்களுக்குப் பின்னால் பீட்டர் ஷ்மைக்கலும், ஸ்டீவ் புரூஸும், கேரி பாலிஸ்டரும் நின்றார்கள். பக்கத்தில், 1993இல் இங்கிலாந்தின் அன்றைய உச்ச விலையான 37.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்ட ராய் கீன். முன்னால், தடைக்காலம் முடிந்து அக்டோபரில் திரும்பிய எரிக் கன்டனா. இளைஞர் தவறு செய்தால் அதைத் தாங்கிப் பிடிக்க, விலை கொடுத்து வாங்கிய முதுகெலும்பு ஒன்று இருந்தது. 1986இல் பொறுப்பேற்ற நாள் முதல் இளையோர் தேடலைச் சீரமைத்து, ரயன் கிக்ஸின் பதினான்காம் பிறந்த நாளன்று அவர் வீட்டுக் கதவைத் தானே போய்த் தட்டிய மனிதர், அந்த அறுவடைக்காக ஏழெட்டு ஆண்டுகள் காத்திருந்தார் என்பதும் அந்தக் கேலியில் மறந்துபோகிறது.

அதே பெர்குசன்தான் பெக்கமை 2003இல் விற்றார், கீனை 2005இல் வெளியேற்றினார். யாப் ஸ்டாமை 2001இல் விற்றதை மட்டும் தம் தவறு என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

1950களில் யுனைடெட்டின் மேலாளராக இருந்த மாட் பஸ்பியின் காலத்தில் இந்தச் சிக்கலே இருந்திருக்காது அல்லவா?

இருந்தது. ‘பஸ்பியின் பிள்ளைகள்’ என்று அழைக்கப்பட்ட யுனைடெட் அணி அகாடமியில் விளைந்த அணிதான். ஆனால் அதன் நடு முன்கள வீரர் டாமி டெய்லர், 1953இல் பார்ன்ஸ்லியிலிருந்து வாங்கப்பட்டவர். பேசி முடித்த விலை 30,000 பவுண்டு. அந்த முழுத்தொகையின் சுமை இளைஞனின் தலைமேல் ஏறக் கூடாது என்று எண்ணிய பஸ்பி, தேநீர் பரிமாறிய பெண்மணியிடம் ஒரு பவுண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, 29,999 பவுண்டுக்கு ஒப்பந்தத்தை முடித்ததாகச் சொல்வார்கள். விலைச்சீட்டு வீரரை அழுத்தும் என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. டெய்லர் 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் விமான விபத்தில் இறந்த எட்டு யுனைடெட் வீரர்களில் ஒருவர்.

யாரையுமே வாங்காமல், இருக்கும் அணியை நம்பினால் என்ன ஆகும்?

டோட்டன்ஹாம் அதைச் செய்து காட்டியது. அதற்கு முன் அதன் நேர் எதிரையும் செய்து காட்டியிருந்தது. 2013இல் கேரத் பேலை ரியல் மாட்ரிட்டிடம் உலகச் சாதனை விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் ஒரே கோடையில் ஏழு பேரை வாங்கினார்கள். டிசம்பரில் மேலாளர் ஆந்த்ரே வில்லாஷ்-போவாஷ் நீக்கப்பட்டார். அந்த ஏழில் மிக விலையுயர்ந்தவர்களில் ஒருவரான ஸ்ட்ரைக்கர் ரோபெர்டோ சோல்டாடோவின் இடத்தை ஓராண்டுக்குள் பிடித்தவர், கிளப்பின் அகாடமியிலேயே இருந்த ஹாரி கேன். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். கேனை எட்டு வயதில் ஆர்சனலின் அகாடமி வேண்டாமென்று அனுப்பியிருந்தது. பிறகு டோட்டன்ஹாமும் அவரை லேட்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என்று நான்கு கிளப்புகளுக்கு லோனில் அனுப்பிப் பார்த்தது. முளையில் தெரியாத பயிர்களுக்கும் கால்பந்தில் இடமுண்டு.

மௌரிசியோ பொச்செட்டினோ மேலாளராக வந்து கேனைச் சுற்றி ஓர் இளம் அணியைக் கட்டினார். 2018 கோடையிலும் அடுத்து வந்த ஜனவரியிலும் கிளப் ஒருவரையும் வாங்கவில்லை. அந்தப் பருவத்தில் அணி சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிக்குப் போனதால், ‘நம்பிக்கை வென்றது’ என்று எல்லோரும் எழுதினார்கள். ஆனால் லீக்கில் அணி ஏற்கெனவே சரியத் தொடங்கியிருந்தது. ஒரே முகங்கள், ஒரே குரல், ஒப்பந்தம் முடியக் காத்திருக்கும் மூத்தவர்கள். 2019 நவம்பரில், 14ஆம் இடத்தில் நின்றபோது, பொச்செட்டினோ நீக்கப்பட்டார். தன் இடம் பறிபோகலாம் என்ற சிறு அச்சமாவது இல்லாத அணியில் பயிற்சித் திடலே மந்தமாகிவிடுகிறது என்பதை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கும் புரிந்தது.

இரண்டையும் சரியாகக் கலந்தவர் என்று யாரைச் சொல்லலாம்?

ஒருவரைத்தான் சொல்ல வேண்டுமென்றால் லிவர்பூலின் யூர்கன் க்ளோப். 2018 ஜனவரியில் பிலிப்பே குட்டின்யோவைப் பார்சலோனாவிடம் விற்றார்கள். கூடுதல் தொகைகளையும் சேர்த்தால் 14 கோடி பவுண்டு வரை போகக்கூடிய விற்பனை அது. அதே மாதம் 7.5 கோடிக்குத் தடுப்பாட்டக்காரர் விர்ஜில் வான் டைக், கோடையில் சுமார் 6.5 கோடிக்குக் கோல்கீப்பர் அலிசன். பலத்தில் இருந்த தாக்குதல் வீரரை விற்று, பலவீனமாக இருந்த பின்களத்தை நிரப்பினார்கள். வலது தடுப்பாட்ட இடத்துக்கு மட்டும் யாரையும் வாங்கவில்லை. நதானியல் கிளைன் காயம்பட்ட பிறகு அந்த இடத்தை, லிவர்பூலிலேயே பிறந்து வளர்ந்த டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டிடம் விட்டுவைத்தார் க்ளோப்.

2019 மே 7, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு அரங்கம், பார்சலோனாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். முதல் ஆட்டத்தில் 3-0 என்று தோற்ற லிவர்பூல், இரண்டாவதில் 3-0 என்று முன்னிலை. கோலில் அலிசன், அவருக்கு முன்னால் வான் டைக். எதிரணியில் தொடக்க வீரராக இறங்கிய குட்டின்யோவை ஒரு மணி நேரத்தில் பார்சலோனா வெளியே எடுத்துவிட்டது. 79ஆவது நிமிடத்தில் கார்னர் பகுதியில் பந்தை வைத்துவிட்டு, உதைக்கப் போவதில்லை என்பதுபோல் இரண்டு அடி விலகி நடந்த 20 வயது அலெக்சாண்டர்-ஆர்னால்டு, சட்டென்று திரும்பி, பார்சலோனா வீரர்கள் அசந்து நிற்க, பந்தைக் கோலுக்கு முன்னால் உதைத்தார். டிவோக் ஒரிகி அதைக் கோலாக்கினார். விற்றவர், வாங்கியவர்கள், வளர்ந்தவர் என்று அந்தக் கணக்கின் எல்லாப் பகுதிகளும் ஒரே இரவில் ஒரே புல்வெளியில் நின்றன. (அந்த இளைஞரும் 2025இல், ஒப்பந்தம் முடியும் தறுவாயில், ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார் என்பது வேறு.)

பெரும்பணம் கொடுத்து வாங்கினால் அது வளர்ப்பு ஆகாதா?

ஆகலாம். 2003இல் கிறிஸ்டியானோ ரொனால்டோவுக்கு யுனைடெட் 1.2 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தபோது அவருக்கு 18 வயது. ஆறு ஆண்டு கழித்து 8 கோடிக்கு விற்றார்கள். வேய்ன் ரூனியும் 18 வயதில் வாங்கப்பட்டவரே.

கணக்கு விதிகள் அகாடமிகளுக்கு உதவுகின்றனவா?

உதவ வேண்டும் என்றுதான் எண்ணியிருப்பார்கள். பிரீமியர் லீக்கில் 2013 முதல் 2025-26 பருவம் வரைக்கான விதிப்படி, மூன்று ஆண்டுகளில் ஒரு கிளப் மொத்தம் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது. அகாடமிக்கான செலவு அந்த நட்டக் கணக்கில் சேராது. இதை மீறியதற்காக 2023-24 பருவத்தில் எவர்டன் மொத்தம் 8 புள்ளிகளையும், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 4 புள்ளிகளையும் இழந்தன.

கோளாறு கணக்கெழுதும் முறையில் இருக்கிறது. 5 கோடிக்கு வாங்கிய வீரருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால், ஏட்டில் ஆண்டுக்கு ஒரு கோடியாகச் செலவு ஏறும். இரண்டாண்டில் 4 கோடிக்கு விற்றால், ஏட்டில் மிச்சமிருக்கும் 3 கோடி போக ஒரு கோடிதான் இலாபம். அகாடமியில் வளர்ந்தவருக்கு ஏட்டில் கொள்முதல் விலையே கிடையாது. அவரை 4 கோடிக்கு விற்றால் நாலு கோடியும் இலாபம். ஆகவே நெருக்கடி வரும்போது முதலில் சந்தைக்குப் போவது வீட்டில் வளர்ந்த பிள்ளைதான். ஆறு வயதில் சேர்ந்த மேசன் மவுன்டைச் செல்சி 2023இல் யுனைடெட்டிடம் விற்றது. அடுத்த ஆண்டு, பல ஆட்டங்களில் அணித்தலைவராக இறங்கிய கானர் கலகரை அத்லெடிகோ மாட்ரிட்டிடம் விற்றது. 2024 ஜூன் மாதக் கடைசியில், கணக்காண்டு முடிவதற்குள் பணம் காட்ட வேண்டிய நிலையில், நியூகாசில் தன் சொந்த மண்ணின் மைந்தன் எலியட் ஆண்டர்சனை ஃபாரஸ்டிடம் கொடுத்தது. விதைநெல்லை அளந்து கடனை அடைப்பது என்று நம்மூரில் இதைத்தான் சொல்வோம். இந்த விற்பனைகளை எந்தப் பயிற்சியாளரும் விரும்பிச் செய்ததாகத் தெரியவில்லை.

உள்ளூர் வீரர்களை மட்டுமே வைத்து இன்று ஒரு பெரிய லீக்கில் தாக்குப்பிடிக்க முடியுமா?

ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவ் நூறாண்டுக்கு மேலாக அதைச் செய்துவருகிறது. பாஸ்க் பகுதியில் பிறந்தவர் அல்லது அங்கே பயிற்சி பெற்று வளர்ந்தவர் மட்டுமே அணியில் ஆடலாம்; முதல் பிரிவிலிருந்து ஒருமுறைகூட இறங்கியதில்லை. ஆனால் இதைச் சந்தையை வெறுக்கும் துறவு என்று நினைத்துவிடக் கூடாது. 2018 ஜனவரியில் ஐமெரிக் லாப்போர்ட்டை மான்செஸ்டர் சிட்டிக்கு 6.5 கோடி யூரோவுக்கு விற்றவுடன், அதில் பாதியளவு தொகையைக் கொடுத்து, அண்டைப் பகையாளியான ரியல் சோசியதாதிலிருந்து இனிகோ மார்டினெஸை வாங்கினார்கள். அதே ஆண்டின் கோடையில் கோல்கீப்பர் கெபாவைச் செல்சி 8 கோடி யூரோவுக்குக் கொண்டுபோனது. வாங்கக்கூடிய ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்பதால், சேரும் பணத்தைத் தங்கள் வீரர்களின் ஊதியத்துக்கே செலவிட முடிகிறது.

2024 ஏப்ரலில் ஸ்பெயின் மன்னர் கோப்பையை, நாற்பது ஆண்டு காத்திருப்புக்குப் பின், வென்றபோது, பழைய வழக்கப்படி ‘கபார்ரா’ என்ற தட்டைப் படகில் வீரர்கள் நெர்வியோன் ஆற்றில் ஊர்வலம் போனார்கள். இரு கரைகளிலும் நகரமே திரண்டு நின்றது. நாற்பது ஆண்டுக்கு ஒரு கோப்பை போதுமென்று சொல்லும் கிளப் உறுப்பினர்கள் அமைந்தால் எந்த மேலாளரும் பொறுமையாக வளர்க்கலாம். மற்ற இடங்களில் மேலாளருக்கு நாற்பது வாரம்கூட உறுதியில்லை.

இளம் வீரருக்கு முதல் வாய்ப்பு எந்தத் திட்டப்படி கிடைக்கிறது?

பெரும்பாலும் எந்தத் திட்டப்படியும் இல்லை. யாரோ ஒருவருக்குக் காயம். புகாயோ சாகா சிறுவயதிலிருந்தே ஆர்சனலின் ஹேல் எண்ட் அகாடமியில் வளர்ந்த ஓரக்களத் தாக்குதல் வீரர். 2019 டிசம்பரில் ஆர்டெட்டா பொறுப்பேற்ற வேளையில் இடது தடுப்பாட்டக்காரர்கள் கீரன் டியர்னியும் செயாத் கொலாசினாக்கும் காயத்தில் இருந்தார்கள். ஜனவரியில் அந்த இடத்துக்குப் பணம் கொட்டி ஒருவரை வாங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆர்டெட்டா, தடுப்பாட்டம் தெரியாத 18 வயது சாகாவை அங்கே நிறுத்தினார். சில ஆட்டங்களில் எதிரணிகள் அந்தப் பக்கத்தைக் குறிவைத்தன. ஆனால் பந்தோடு முன்னேறும்போது அவரைத் தடுக்க அவர்களிடம் ஆளில்லை. 2020 ஜூலையில், பழைய ஒப்பந்தத்தில் ஓராண்டே மிச்சமிருந்தபோது, அவர் நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். டியர்னி குணமாகித் திரும்பியபோது சாகா தன் பழைய இடமான முன்களத்துக்குப் போனார். 2023இல் ஆர்சனல் டெக்லன் ரைஸுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தது நடுக்களத்துக்காக; சாகா ஆடிய வலது ஓரத்துக்குப் போட்டியாக அந்தக் கோடையில் யாரும் வாங்கப்படவில்லை.